பணம் கட்டியவர்தான், ஆனாலும் ஓட்டியவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெடுநேரக் கார் பந்தயங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஒரே காரைத் தொழில்முறை ஓட்டுநர்களுடன் மாறி மாறி ஓட்டும் அமெச்சூர்களைப் 'பணம் கொடுத்து இருக்கை வாங்கியவர்கள்' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் இரண்டே சீசன்கள் அப்படி ஓட்டிவிட்டு விலகியவன் நான். பணம் கொடுத்தது உண்மை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த இருக்கையை எங்களுக்கென்று ஒதுக்கியிருப்பதே பந்தய விதிதான்.

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு ஓட்டுநர்களை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. எங்களைப் போன்ற அமெச்சூர்கள் வெண்கலத்தில் வருவோம். உலக நெடுநேரப் பந்தயத் தொடரில் 2024-ஆம் ஆண்டு அறிமுகமான, சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களை அடிப்படையாகக் கொண்ட எல்.எம்.ஜி.டி.3 பிரிவில், ஒவ்வொரு காருக்கும் ஒரு வெண்கல ஓட்டுநராவது இருந்தாக வேண்டும். பெயருக்கு ஏறி இறங்கவும் முடியாது. குறைந்தபட்ச ஓட்டும் நேரம் உண்டு. தொழில்முறை ஓட்டுநர்களுக்கிடையே வேக வித்தியாசம் மிகக் குறைவு என்பதால், வெண்கலக்காரர் எத்தனை நொடிகளை இழக்கிறார் என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

என் நொடிகள் எங்கே போயின என்பதை ஒவ்வொரு மாலையும் கணினித் திரையில் காட்டுவார்கள். எங்கள் அணியின் தொழில்முறை ஓட்டுநர் பிரேக்கை ஒரே அடியாக அழுத்தி, வளைவுக்குள் நுழைய நுழையச் சிறிது சிறிதாக விடுவார். திரையில் அவருடைய பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்கும். நானோ முன்கூட்டியே தயங்கித் தயங்கி மிதித்து, கடைசியில் சட்டென்று காலை எடுப்பேன். எனக்குப் போதாதது துணிச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் போதாதது பாதத்தின் பக்குவம். அதைத் திருத்திக்கொள்ளவே முதல் சீசன் முழுவதும் போயிற்று. இரவு ஓட்டம் தனிக் கதை: பின்பார்வைக் கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அடுத்த வளைவுக்குள் அதே பந்தயத்தில் ஓடும் அதிவேகப் பிரிவுக் கார் பக்கத்தில் இருக்கும், நாம் ஓட்டும் பாதையை விட்டு விலகாமல் அதற்கு வழி தர வேண்டும்.

அமெச்சூர்களால் சாதிக்க முடியாது என்பதும் சரியல்ல. 1979-இல் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன், தம் 54 வயதில், ஒரே ஒரு முறை ஓட்டிய பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 935 காரில் சக ஓட்டுநர்களுடன் ஒட்டுமொத்த இரண்டாம் இடம் பெற்றார். இன்னொரு நடிகரான பாட்ரிக் டெம்ப்சி 2015-இல் அங்கே தம் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்து, அதே ஆண்டு ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தில் பிரிவு வெற்றியும் பெற்றார்.

நான் விலகியதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. பயிற்சி, உடற்பயிற்சி, பயணம் என்று பிழைப்புக்கான வேலையின் நேரத்தை இது விழுங்கிவிடுகிறது.

பந்தய முடிவுகளை வெளியிடும்போது, வெற்றி பெற்ற காரில் வெண்கல ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், அவரது சராசரிச் சுற்று நேரம் என்ன என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வெண்கலப் பிரிவு ஓட்டுநர் ஒருவர்