வால்வில் எண் இருக்கிறதா, பார்த்து எழுது

அன்பு மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது, மேசையில் கண்ணெதிரேதான் கிடந்தது. "பீர்க் கலனுக்கு, அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துவிடும் ரிலீஃப் வால்வு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். பதில் போடாமல் விட்டது என் தப்பு. போன வாரம் நடந்ததற்கு அப்புறம், நீ அதை வாங்கி மாட்டிவிட்டாயோ என்ற நினைப்பிலேயே தூக்கம் போய்விட்டது. மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்று. மற்ற கதையைப் பிறகு படி.

வீட்டில் பீர் நொதிக்க வைக்கும் என்னுடைய பிளாஸ்டிக் கலனை, அந்த ஃபெர்மென்டரை, உனக்குத் தெரியும். 2.4 பார் அழுத்தம் வரை தாங்கும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. இந்தத் தடவை அழுத்தத்திலேயே நொதிக்க விடலாம் என்று ஸ்பண்டிங் வால்வை, அதாவது வைத்த அளவுக்கு மேல் ஏறும் வாயுவை வெளியே விடும் வால்வை, 0.8 பாரில் வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் அதோடு சேர்ந்த அழுத்தம் காட்டும் கேஜின் முள் சரியாக 0.8-இல் நிற்கிறது. சந்தோஷத்தில் பக்கவாட்டில் கை வைத்தேன். மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது. அடிப்பக்கம் உப்பி, தொட்டாலே ஆடியது.

ராத்திரி நுரை பொங்கி ஏறி, ஹாப்ஸ் (பீரில் கசப்புக்குப் போடும் பூ) துணுக்குகளோடு, வாயு வெளியேறும் முனையான கேஸ் போஸ்ட்டுக்குள் போய்க் காய்ந்து அடைத்துவிட்டது. கேஜ் இருந்தது அந்த அடைப்புக்கு அந்தப் பக்கம். முள் காட்டியது ராத்திரிக் கணக்கு. இப்படி ஒன்று நடந்தால் காப்பாற்றத்தான் மூடியில் தனியாக ஒரு ரிலீஃப் வால்வு இருக்கிறது. அதுவும் வாய் திறக்கவில்லை. பழையது கசிந்ததால் நான் வாங்கி மாற்றிய வால்வு அது. பித்தளை, இழுக்க ஒரு வளையம், பார்க்க அசல் மாதிரியே இருந்தது. உடம்பில் ஓர் எண் கூடக் கிடையாது.

ஒரு பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியில் 2 பார் ஏறினால் 150 கிலோவுக்கு மேல் உந்தும். ஹெல்மெட் போட்டு, ஃபெர்மென்டர் மேல் கனமான ரஜாயைப் போர்த்தி, பீர் வரும் பக்கத்துக் குழாயை வாளிக்குள் விட்டுத் திறந்தேன். அந்தப் பக்கம் அடைக்காமல் இருந்தது. பீர் சீறிக்கொண்டு வாளியை நிரப்பியது. உப்பல் இறங்கும் வரை நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். குழந்தைகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மச்சான்.

அழுத்தம் ஏறியதும் ஈஸ்ட் தானாக நிறுத்திக்கொள்ளும் என்று மட்டும் நினைக்காதே. 2 கிலோ சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வரும். அறை வெப்பத்தில் அது 500 லிட்டருக்கு மேல்.

அந்த வால்வைக் கழற்றிப் பழைய ஸ்டீல் பீர் பீப்பாயான கெக்கில் மாட்டி, கெக் நிறையத் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்ப்பால் ஏற்றிப் பார்த்தேன். (சோதனை என்றால் தண்ணீர்தான். காற்றை அடைத்துச் சோதித்து ஏதாவது தெறித்தால் குண்டு மாதிரி வெடிக்கும்.) கிட்டத்தட்ட 7 பாரில்தான் திறந்தது. ஏர் கம்ப்ரஸருக்கான வால்வு. வால்வு என்பது ஒரு ஸ்பிரிங்கும் ஒரு தட்டும்தானே, ஸ்பிரிங்கின் பலத்தை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பாய்? எண் பொறித்திருக்க வேண்டும். அந்த எண் கலனின் எல்லையைத் தாண்டக் கூடாது. எண் சரியாக இருந்தாலும் ஒருமுறை தண்ணீரில் பார்த்துவிடு.

ரிலீஃப் வால்வுக்குப் பதிலாகக் குக்கர் வெயிட்டும் சேஃப்டி வால்வும் போதாதா என்று கேட்டிருந்தாயே? போதாது. வெயிட் ஒரு பார் அளவில் தூக்கும், உண்மைதான். ஆனால் பல குக்கர்களின் சேஃப்டி வால்வு சூட்டில் உருகித்தான் திறக்கும். குளிர்ந்த பீரில் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அது உருகாது.

காசை மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. ஸ்பண்டிங் வால்வை செட்டாக வாங்காதே. மூன்று பக்கம் பிரியும் 'T' வடிவ இணைப்பு, கேஜ், திருகி அமைக்கும் வால்வு, கேஸ் போஸ்ட்டில் மாட்டும் கேஸ் டிஸ்கனெக்ட் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிக் கோத்தால் செலவு நன்றாகக் குறையும். கேஜ் 0-இலிருந்து 2 அல்லது 4 பார் வரை காட்டினால் போதும். 10 பார் கேஜில் 0.8 எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கேஸ் பக்கத்தில் பித்தளை இருக்கட்டும், பீர் தொடும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் போடு. காற்றுக் கருவிகளுக்கான, குழாயைச் செருகினாலே பிடித்துக்கொள்ளும் புஷ் ஃபிட்டிங்கில் 8 மில்லிமீட்டருக்கு 5/16 அங்குலக் குழாய் கச்சிதமாகச் சேரும். 6 மில்லிமீட்டருக்குள் கால் அங்குலக் குழாய் போகாது, அது 6.35.

மரை விஷயத்தில்தான் எனக்கு நிறையப் பணம் போனது. கால் அங்குலத்தில், என்.பி.டி. என்ற அமெரிக்க மரை முறைக்கு அங்குலத்துக்கு 18 மரை, பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் முறைக்கு 19. மரையின் கோணமும் வேறு, முதலாவதுக்கு 60 பாகை, மற்றதுக்கு 55 பாகை. ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று போகும், அப்புறம் கடிக்கும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை கெட்டுப்போகும், கசிவடைக்கும் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் கசியும். ஏதாவது ஒரு முறையை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே வாங்கு. ஃப்ளேர் மரைக்கு டேப்பே வேண்டாம், அது மரையில் அல்ல, முகப்பு முகப்போடு அழுந்தி அடைக்கிற இணைப்பு.

இன்னொன்று. கலனுக்கும் ரிலீஃப் வால்வுக்கும் நடுவே எந்தக் குழாய்த் திருகும் வைக்காதே. யாராவது ஒருநாள் மூடிவிடுவார்கள். ஃபெர்மென்டரை முக்காலுக்கு மேல் நிரப்பாதே, நுரைக்கு இடம் வேண்டும்.

வாளியில் பிடித்த பீரைக் கொட்டிவிட்டேன். கலனையும் தூக்கிப் போட்டாயிற்று. ஒருமுறை உப்பியதை இனி நம்ப மாட்டேன். புது மூடி, 2.4 என்று பொறித்த வால்வு, இரண்டும் வந்துவிட்டன. கலன் அடுத்த வாரம் வரும்.

அக்காவுக்கு இப்போது முட்டி எப்படி இருக்கிறது? அதையும் எழுது. கடிதத்துக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே வால்வைப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

உன்
மச்சான்