அணையில் அப்பாவுக்காக நாற்காலி சுமந்த தம்பிக்கு

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இன்றோடு பதினோரு நாட்கள் ஆகின்றன. நடந்தவை அனைத்தும் உங்களுக்குத் தெரியும். அவற்றை மறுபடியும் எழுத மனம் வரவில்லை. உங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒருவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை முதலில் எழுதிவிடுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா கே.ஆர்.பி. அணையை, அதாவது எங்கள் கிருஷ்ணகிரி அணையை, பார்க்க வேண்டும் என்றார். அம்மா தயங்கினார், நான் ஆட்டோ வரவழைத்தேன். அந்த அணை எங்களுக்குச் சுற்றிப் பார்க்கும் இடமன்று. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே அது எழும்பியபோது, சும்மாட்டின் மேல் கூடை வைத்துக் கல் சுமந்தவர்களில் எங்கள் பாட்டியும் ஒருவர். ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தபோது கால்வாய் மடைகளைத் திறந்து நீரைக் காக்கும் லஸ்கராக வேலைக்குச் சேர்ந்த அப்பா, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகும் அதே இடதுபுறக் கால்வாயின் கரையிலேயே நடந்து ஓய்வு பெற்றவர். என் சிறுவயதில் காலையில் எங்கள் வீட்டில் காதில் விழும் முதல் எண் அணையின் நீர்மட்டமாகத்தான் இருக்கும். முழு மட்டமான 52 அடியை நெருங்கிவிட்டால் அன்று அப்பாவின் குரலே வேறாக இருக்கும்.

பூங்காவின் வாசலில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மதகுகள் தெரியும் இடம் இன்னும் தொலைவில் இருந்தது. திரும்பிவிடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, மீன் வறுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி அடுப்பைத் தணித்துவிட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் ஒரு கால் விரிந்து, நீல வயரால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அப்பாவை உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. அப்பா எழுந்து இருபது, இருபத்தைந்து அடி நடப்பார். கால்கள் தளரும்போது, திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல், நாற்காலி அவருக்குப் பின்னால் தயாராக இருக்கும். நீல வயர் கட்டிய கால் மேடான பக்கம் வருமாறு ஒவ்வொரு முறையும் பார்த்து வைத்து, கையால் ஒருமுறை அழுத்திய பிறகே அவரை உட்காரச் சொன்னார். "அவசரமில்ல ஐயா, தண்ணி எங்கயும் போயிடாது" என்பதைத் தவிர வழியில் அவர் பேசியதாக நினைவில்லை. போகும்போது ஒன்பது முறை, திரும்பும்போது பதினோரு முறை அந்த நாற்காலி தரையில் இறங்கியது. அவ்வளவு நேரமும் அவருடைய கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மதகுகளுக்கு எதிரே அமர்ந்த அப்பா, மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதன்முறையாக நீண்ட நேரம் பேசினார். 2017 நவம்பரில் முதல் மதகு உடைந்து, தேக்கிய நீர் ஆற்றில் போய்க்கொண்டிருந்த இரவில், ஓய்வு பெற்றிருந்தும் சாப்பிடாமல் கரையில் நின்றதைச் சொன்னார். அன்று பள்ளி மாணவியாக அவர் அருகில் நின்ற நான், பொறியியல் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அங்கேதான். பிறகு அவர் தம் பழைய வேலையைப் பற்றிப் பேசினார். மடையைத் திருகித் திறப்பது பெரிய காரியமன்று, தலைமடைக்காரர்கள் இரவோடு இரவாகத் திருப்பிவிடும் நீரைக் காத்துக் கடைமடை வயல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை என்றார். இந்த அணையின் இரு கால்வாய்களும் பாயும் 9,012 ஏக்கரில், நீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்கள் யார் யாருடையவை என்று அவருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. கல்லூரியில் நீரியல் கற்ற எனக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தெரியாது.

நாங்கள் கொடுத்த பணத்தைத் தம்பி வாங்கவில்லை. "நாற்காலி தூக்குறது ஒரு வேலையாக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். அந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

இரத்தம் கொடுத்த நான்கு பேருக்கும், இரவுப் பணியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற செவிலியர்களுக்கும், நாங்கள் இல்லாத நாட்களில் மாட்டுக்குத் தீனி வைத்துப் பால் கறந்து ஊற்றிய எதிர்வீட்டுச் சித்திக்கும், அவசரத்துக்குக் கைமாற்றுத் தந்துவிட்டு இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்காத மாமாவுக்கும், அப்பாவுடன் பணியாற்றிய லஸ்கர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் ஒருவர் இல்லாதிருந்தாலும் அந்த நாட்களைக் கடந்திருக்க மாட்டோம்.

உதவிப் பொறியாளர் தேர்வை இந்த முறை எழுதப் போவதில்லை என்று உங்களில் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொண்டுவிட்டேன். கட்டிவைத்த புத்தகங்களைத் திங்கட்கிழமை அவிழ்த்தேன். நீர்வளத் துறையில் எனக்கு வேலை கிடைத்து, எந்தக் கால்வாயில் போட்டாலும், முதல் வாரத்திலேயே அதன் கடைமடை வரை நடந்து போய் அந்த வயல்காரர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வேன். அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

அணைப் பக்கம் போகிறவர்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். மீன் கடைகளில் நீல வயர் சுற்றிய சிவப்பு நாற்காலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் சொந்தக்காரரிடம், அந்த ஐயா நேற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, இடையில் எங்கும் உட்காராமல் தெருவாசல் வரை நடந்தார் என்று சொல்லுங்கள்.