கூலன்ட் எங்கே போகிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி, மாப்பிள்ளையிடமும் காட்டு.

உன் காரின் ரிசர்வ் டேங்கில், இன்ஜின் சூட்டை இறக்குகிற கூலன்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு மெக்கானிக் ஊற்றி ஓட்டுங்கள் என்கிறார், இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் என்றாய். இரண்டு பேரில் யாராவது ஒழுகும் இடத்தைக் கை வைத்துக் காட்டினார்களா? கூலன்ட் பெட்ரோலைப் போலச் செலவாகிற சாமான் இல்லை கண்ணு. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அதேதான் சுற்றிச் சுற்றி வரும். வாரா வாரம் குறைகிறது என்றால் வெளியே ஒழுக வேண்டும், இல்லையென்றால் இன்ஜினுக்குள்ளே போக வேண்டும். இடம் தெரியாமல் எதையும் மாற்ற ஒத்துக்கொள்ளாதே.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். குக்கர் வெயிட் செய்கிற வேலைதான் அதற்கும். 0.9 மூடி போட்டால் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். சூட்டில் திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். பட்டறையில் அப்படி வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி நிறுத்தி, காலையில் திறந்து பார். அடியில் உள்ள ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றிவிடு, பெரிய செலவில்லை. மூடியின் நடுவே குட்டி வால்வு ஒன்று உண்டு. இன்ஜின் ஆறும்போது டேங்கில் இருக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும்.

அப்புறம் போன் டார்ச்சைப் போட்டு ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, எல்லாவற்றையும் பார். கசிந்த இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ, நிறம் வெளுத்தோ உப்புப் பூத்திருக்கும். ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயந்துவிடாதே. அதற்கு நிறமும் இல்லை, வழவழப்பும் இல்லை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் ஈரம் தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். துளையை அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு, பம்பைத்தான் மாற்ற வேண்டும். ஓசூர் குளிருக்கு ஹீட்டர் போடுவாயே, அப்போது தித்திப்பான வாசனை வந்து கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பனி படர்ந்தால், முன்சீட்டுக் கால்விரிப்பின் அடியைத் தொட்டுப் பார். ஹீட்டருக்குள் ஓடுகிற கூலன்ட் அங்கேயே ஒழுகலாம்.

தரையில் ஒரு சொட்டும் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று ஆகிவிடாது. சூட்டில் அங்கேயே ஆவியாகிப் போய்விடும். இதற்குத்தான் பிரஷர் டெஸ்ட். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடிக்குப் பதில் கைப்பம்பு மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அளவுக்குக் காற்றடித்துப் பதினைந்து நிமிடம் விடுவார்கள். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். இந்தப் பம்பு வைத்திருக்கிற ஒர்க் ஷாப்பாகப் பார்த்துப் போ. முள் இறங்கி, வெளியே எங்கேயும் ஈரம் இல்லாவிட்டால்தான் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற சீலை, சந்தேகப்பட வேண்டும். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது, ஆயில் பால் கலந்த நிறத்துக்கு மாறலாம். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டாதே, கட்டி இழுத்துக்கொண்டு போகச் சொல்.

எனக்கென்னவோ ஹோஸ் கிளிப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. முனை மட்டும் வெடித்திருந்தால் சிலர் அதை வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவார்கள். பழைய ரப்பரை நம்பாதே, புதுசு போடு. ரேடியேட்டர் பிளாஸ்டிக்கில் விரிசல் என்றால் எம்-சீல் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். கசிவை அடைக்கிற பொடியும் வேண்டாம், ஹீட்டரின் பொடிக் குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட், அதைக் கழற்றிவிட்டால் ஹீட் ஆகாது என்பார்கள். நம் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் வைத்தியம் என்று செய்கிறார்கள், எனக்கு எரிச்சலாக வரும். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

ஊற்றும்போது வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கூலன்ட்டாகப் பார்த்து வாங்கு, நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதே. கலந்து ஊற்ற வேண்டியதென்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் உள்ளே உப்புக் கட்டிவிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டால் உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும். இதை மெக்கானிக்கே செய்யட்டும், நீ கூட நின்று பார். வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்ற விடாதே. தித்திப்புக்கு நாய்கள் நக்கிவிடும், சிறுநீரகம் போய்ச் செத்தே போகும்.

இதெல்லாம் முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பாதே, பஸ்ஸில் வா. வருவது எப்படியோ சமாளித்துவிடலாம், திரும்பிப் போகும்போது தொப்பூர் ஏற்றம் இருக்கிறது. மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் போதும் என்று நினைக்காதே. கூலன்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் காற்றில் நின்று, முள் சூட்டைச் சரியாகக் காட்டாமல் போகலாம். அதற்குள் ஹெட் வளைந்துவிடும்.

காலையில் பானெட்டைத் திறந்ததும் மேல் ஹோஸையும் டேங்க் அளவையும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன்.

அப்பா