எங்கள் தாத்தாவின் கிட்டாரை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களே,

கொழும்பில் வேலை பார்த்த எங்கள் தாத்தா, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய காலத்தில் உடன் கொண்டுவந்த மார்ட்டின் டி-18 கிட்டார், தங்கச்சிமடத்தில் எங்கள் பாடகர் குழுவில் மறுபடியும் ஒலிக்கிறது. அதற்குக் காரணமான ஒவ்வொருவருக்கும் குடும்பத்தார் அனைவரின் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பங்குத்தந்தைக்கு உரியது. ஒலித்துளைக்குள் கழுத்துக்கட்டையில் பொறித்திருந்த வரிசை எண்ணை, மார்ட்டின் நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இது 1956இல் அமெரிக்காவின் நாசரேத் ஊரில் செய்யப்பட்டது என்று கண்டு சொன்னவர் அவரே.

அப்போது அதன் நிலை கவலைக்கிடமாக இருந்தது. முகப்பு ஸ்புரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் மகோகனி. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்த முகப்பு, எழுபது கிலோவுக்கும் மேலான கம்பி இழுவையைத் தாங்க வேண்டும். எங்கள் கடற்கரையின் ஈரமும் வெக்கையும் மாறிமாறிப் பட்டதில் பசை தளர்ந்து, கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் கட்டையின் பின்விளிம்பு தூக்கிக்கொண்டது, முகப்பு புடைத்தது, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதான ஃப்ரெட்டில் கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அக்கால மார்ட்டின்களில் மீட்டும்போது கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டு தகட்டைப் பூச்சில்லாத மரத்தின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். அது நாளடைவில் சுருங்கும்போது மரத்தையும் சேர்த்து இழுப்பதால், அதன் ஓரத்தில் ஒரு நீண்ட பிளவும் கண்டிருந்தது.

கடை ஒன்றில், பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதைத் தடுத்து நிறுத்தியவர் பாம்பனில் நாட்டுப்படகு கட்டும் ஆசாரி அண்ணன். சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் கொண்டு உள்ளே பார்த்துவிட்டு, "இது வச்சிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை) போட்டு ஒட்டின வேலை தம்பி, இதில் ஃபெவிகால் படவே கூடாது, தெரிந்தவர் கையில் கொடுங்கள்" என்றார். தம் கைத்திறனில் அத்தனை பேர் பெற்ற மனிதர், இது தம் வேலை அல்ல என்று சொன்ன அந்தப் பெருந்தன்மைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். மூலப் பூச்சு போயிருந்தால் இக்கருவியின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போயிருக்கும்.

சென்னையில் இதைச் சீர்செய்த கலைஞருக்கு எப்படி நன்றி சொல்வது! இதன் கழுத்துக்குள் இருப்பது திருகிச் சரிசெய்ய முடியாத எஃகுச் சட்டம். ஆகவே பதினைந்தாம் ஃப்ரெட்டைக் கழற்றி, அதன் பள்ளத்தின் வழியே கழுத்தை உடலோடு பிணைக்கும் டவ்டெயில் மூட்டுக்குள் நீராவி செலுத்தி, கழுத்தைப் பிரித்து, கோணத்தைத் திருத்தி மீண்டும் பொருத்தினார். பிளவுக்கு உட்புறமாக ஸ்புரூஸ் துண்டுகளை ஒட்டினார். லாக்கர் பூச்சில் ஓடிய மெல்லிய கோடுகளையும், தாத்தாவின் விரல் தேய்த்த இடத்தையும் அப்படியே விட்டுவைத்தார்.

துபாயிலிருந்து மென்கம்பிகளும் ஈரப்பதமானியும் அனுப்பிய மாமா மகனுக்கும், புதிய பாம்பன் பாலம் திறந்தபின் கிட்டாரைத் தொடர்வண்டியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்த சித்தப்பாவுக்கும் எங்கள் அன்பு.

இனிப் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். சிலிக்கா பொட்டலங்களை மாற்றி, அளவைக் குறித்துவைக்கும் பொறுப்பைப் பாடகர் குழுப் பிள்ளைகள் தாமாகவே ஏற்றுள்ளனர். அவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
தாத்தாவின் பேரப்பிள்ளைகள் சார்பில்,
தங்கச்சிமடம்