கதோர்ஸும் பதினான்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்து வயதுப் பேரன் பதினான்கை 41 என்று எழுதிக் காட்டினான். திட்டத் தோன்றவில்லை. வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த மொரீஷியஸின் பேச்சுமொழி. அதில் பதினான்கைக் கதோர்ஸ் என்னும்போது நாலைக் குறிக்கும் 'கத்' தானே முதலில் காதில் விழுகிறது? ஆங்கில ஃபோர்டீனும் அப்படியே. கிரியோலின் ஓன்ஸ் (11), தூஸ் (12) என்பவற்றில் பத்து இருக்கும் இடமே தெரியாது; தீசெட் (17) வந்த பிறகுதான் பத்து தலை காட்டும்.

நம் பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு எல்லாம் பத்தை முன்னால் வைத்தே பேசுகின்றன. பழைய எழுத்திலும் ௰௧ என்றால் பத்தும் ஒன்றும்.

தென்னை ஈர்க்குச்சிகளை எண்ணி, பத்தை ரப்பர் வளையத்தால் கட்டச் சொன்னேன். ஒரு கட்டு, பக்கத்தில் நாலு உதிரி. "பத்து, நாலு, பதினான்கு" என்று அவனே சொன்னான். கட்டுக்குக் கீழே 1, உதிரிக்குக் கீழே 4 எழுதினோம். உதிரி பத்தானதும் இன்னொரு கட்டு, இருபது வந்துவிட்டது. சுழியம் எதற்கு என்று கேட்டான். உதிரி ஒன்றும் மிச்சமில்லை என்று காட்டினேன், சரி என்று தலையாட்டினான்.

மொரீஷியஸின் மழலையர் வகுப்புகளிலும் கோயில் மாலை வகுப்புகளிலும் தமிழ் எண்களைப் பாட்டாக ஒப்பிக்க வைப்பதோடு விடுகிறோம். கூடவே ஒரு கட்டு ஈர்க்குச்சியையும் கையில் கொடுக்கலாமே, ஆசிரியர்களே?

ஒரு பாட்டி,
ரோஸ் ஹில்