பாஸ்போர்ட் உன் பையிலேயே இருக்கட்டும்

நூரி கண்ணு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். உருதுவில் எழுதினால் உனக்குப் படிக்க வராது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மூன்று வாரமாக நீ வீடியோ போடுவதில்லை, குரல் மட்டும்தான். அங்கே குளிர் அதிகம் என்கிறாய். பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போடு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் பாஸ்போர்ட், பாப்பாவின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் உன் கைப்பையிலேயே இருக்கட்டும்.

நேற்று நானியின் பெட்டியைத் திறந்து பாகிஸ்தானின் உருதுக் கவிஞர் ஃபஹ்மிதா ரியாஸின் 'பதன் தரீதா' கவிதைப் புத்தகத்தை எடுத்தேன். பெரிய மாமு டெல்லியிலிருந்து வாங்கி வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்தேன். 2018-ல் அவர் லாகூரில் இறந்தபோது பேப்பரில் வந்ததை வெட்டி அதற்குள் வைத்திருந்தேன். அதையும் திரும்பப் படித்தேன்.

மீரட்டில் பிறந்து, சிந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். நாலு வயதில் அப்பா போய்விட, அம்மாதான் ஆளாக்கினார். வீட்டில் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, உன்னைப் போலவே இங்கிலாந்து போனார். அங்கே பிபிசி உருதுவில் வேலை பார்த்தார், சினிமா எடுக்கவும் படித்தார். கல்யாணம் ஒத்துவரவில்லை. பிரிந்து, பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாகிஸ்தானுக்கே திரும்பிவிட்டார். அப்புறம்தான், 1973-ல், இந்தப் புத்தகம் வந்தது. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி இப்படியா எழுதுவாள் என்று எத்தனை பேர் திட்டினார்கள்! அவர் பேர் நிலைத்தது இதனால்தான். திரும்பி வந்த பிறகு வெளிவந்தது, நூரி.

ஜெனரல் ஜியாவின் ராணுவ ஆட்சிக் காலத்தில் 'ஆவாஸ்' என்று பத்திரிகை நடத்தினார். பத்துக்கு மேல் வழக்குகள், ராஜத்துரோகம் உட்பட. 1981-ல் ஜாமீனில் இருந்தபோது, ஒரு முஷாயிராவுக்கு, அதாவது கவியரங்கத்துக்கு, அழைப்பு இருக்கிறது என்று சொல்லி, சகோதரியையும் இரண்டு சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இந்தியா வந்துவிட்டார். பஞ்சாபி எழுத்தாளர் அம்ரிதா ப்ரீதம் இவருக்காக இந்திரா காந்தியிடம் பேசினார். ஏழு வருஷம் போல இங்கேதான், டெல்லி ஜாமியா பல்கலைக்கழகத்தில் வேலை. இந்தியாவை வைத்து 'கோதாவரி', பங்களாதேஷை வைத்து 'ஸிந்தா பஹார்', தன் ஊரை வைத்து 'கராச்சி' என்று மூன்று நாவல்கள். ஒரு வீட்டின் மூன்று அறைகளைப் பற்றி எழுதுவது மாதிரி எழுதினார்.

வெட்டி வைத்த தாளில் அந்த முஷாயிரா வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கீழே, அவருடைய மகன் 2007-ல் அமெரிக்காவில் தண்ணீரில் மூழ்கி இறந்ததைப் பற்றி இரண்டு வரி. அதைப் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன்.

நம் தெருவில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண் நீதான். அத்தை வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு படித்தவள், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக்கூடாதா? எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னாயாம். அவள் அம்மா மார்க்கெட்டில் என்னைப் பார்த்து அழுதாள். என்ன ஏது என்று புரியாமல் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இல்லை, நீ சொன்னாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் ரமலானில், சஹர் நேரத்தில் போன் செய்து, "அம்மி, வந்துடட்டுமா?" என்று கேட்டாய். ஸமீனாவுக்கு இடம் பேசிக்கொண்டிருந்தோம். பெரியவள் திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன். நீ "சரி அம்மி" என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ கேட்கவே இல்லை. உங்க அப்பாவிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. அவராயிருந்தால் அன்றைக்கே டிக்கெட் போட்டிருப்பார்.

என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது நிஜம். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம், பாப்பாவுக்குத் தொட்டில் கட்டக் கொக்கி போட்டாகிவிட்டது. பாஸ்போர்ட் உன்னிடம்தானே இருக்கிறது? இல்லாவிட்டால் எப்படியாவது கேட்டு வாங்கிவிடு.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். கண் ஆபரேஷனுக்கு நீயும் பாப்பாவும் கட்டாயம் வரவேண்டும் என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. அதை வீட்டில் காட்டு. இதை ஆபீசிலேயே கிழித்துவிடு.

உன் அம்மி