ஒன்று போனால் இன்னொன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு வணிகப் பக்கத்தில் ‘ஒரு விமான நிறுவனம் மூடினால் இன்னொன்று வரும், பயணிக்குக் கவலையில்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் சென்னையில் இருக்கிறார் போலும். கொடுத்துவைத்தவர்.

கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் 2019இல், கோ ஃபர்ஸ்ட் 2023இல். ஜெட்டின் போயிங் 737கள் பலவற்றை ஸ்பைஸ்ஜெட் குத்தகைக்கு எடுத்தது. விமானம் ஏற, இறங்க நிலையத்தில் ஒதுக்கிய நேரங்களை, அதாவது ஸ்லாட்டுகளை, இருக்கிறவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள். 2022இல் ஆகாசா வந்தது, சரி. விஸ்தாரா 2024இல் ஏர் இந்தியாவில் கரைந்துவிட்டதே! இன்று உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஆறு பேர் இண்டிகோவில், மிச்சத்தில் பெரும்பங்கு ஏர் இந்தியாவை வைத்திருக்கும் டாடா வீட்டில். 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு விதி மாறியபோது இண்டிகோ ஆள் கணக்கில் கோட்டை விட்டு ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாகின. கட்டணத்துக்கு அரசே உச்சவரம்பு போட வேண்டி வந்தது. உங்கள் ‘இன்னொன்று’ அப்போது எங்கே போயிருந்தது ஐயா?

நிறுவனம் மூடினால் டிக்கெட் முகவர் கதி என்ன என்று கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. குறைந்த கட்டண விமானங்களுக்கு நாங்கள் முன்பணம் கட்டி வைத்துத்தான் டிக்கெட் எடுக்கிறோம். திவால் மனு ஏற்கப்பட்டதும் அந்தப் பணமும் ரீஃபண்டும் சேர்ந்து முடங்கும். வங்கிகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் நாங்கள் நிற்போம். வாடிக்கையாளர் எங்கள் கடை வாசலில் நிற்பார்.

கட்டணம் ஏறுவதற்குப் ‘பண்டிகைக் காலத் தேவை’ என்று போன தீபாவளிக்கும் எழுதினீர்கள். விமானத்தின் இருக்கைகளை ஒரே விலையில் யாரும் விற்பதில்லை. பல விலை அடுக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழடுக்கு தீர்ந்தால் மேலடுக்கு திறக்கும். கீழடுக்கில் நாலு இருக்கை மிச்சமிருக்கையில் ஆறு பேருக்கு ஒரே பிஎன்ஆரில் தேடினால், ஆறு பேருக்கும் மேலடுக்கு விலைதான் காட்டும். நாலு, இரண்டு என்று பிரித்து எடுத்தால் நாலு பேருக்காவது பணம் மிஞ்சும். (விமானம் ரத்தானால் இரண்டு பிஎன்ஆரும் வெவ்வேறு விமானத்துக்குப் போகலாம், குழந்தைகளைப் பெரியவரோடு சேர்த்தே போடுங்கள்.) தடத்தில் போட்டி இருந்தால் கீழடுக்கில் நிறைய இருக்கை வைப்பார்கள். போட்டி நிறுவனம் விலகியதும் அதைச் சுருக்குவார்கள். கட்டண உயர்வு என்று அறிவிப்பே வராது, உங்கள் நிருபருக்கும் தெரியாது.

குமரி மாவட்டத்துக்கு விமான நிலையமே கிடையாது. நாங்கள் நம்பியிருக்கும் திருவனந்தபுரம் 2021இல் தனியார் கைக்குப் போனது. 2024 ஜூலையில் அங்கே டிக்கெட்டோடு வாங்கும் நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் உள்நாட்டுப் பயணிக்கு 506 ரூபாயிலிருந்து 770 ஆனது; வந்திறங்குகிறவருக்கும் 330 போட்டார்கள். உங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்தில் நாலு வரி. தூத்துக்குடியில் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டினார்கள், நல்லது. ஆனால் விமான எரிபொருளுக்குப் பல ஆண்டுகளாக 29 சதவீத வாட் வரி வாங்கும் தமிழ்நாட்டில் யார் போட்டிக்கு வருவார்? ரயிலிலும் நாங்கள் திருவனந்தபுரம் கோட்டம்தான். அதைப் பற்றி எழுதிய கடிதங்களும் உங்களிடமே இருக்கின்றன, பிரசுரமாகாமல்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்து விமானக் கட்டுரை போடும்போது திருவனந்தபுரம்–சென்னை தடத்தில் எத்தனை நிறுவனம் பறக்கிறது, டிக்கெட்டில் நிலையக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். இடம் போதாதென்றால் அன்றைக்கு ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டிக்கெட் முகவர் ஒருவர்,
மார்த்தாண்டம்.